கண்ணாடி அலமாரியும் குடும்பக் கருவூலமும்

ஒரு வீட்டின் செல்வத்தை அதன் முகப்புச் சொல்லும். அவ்வீட்டார் எவற்றை மதிக்கின்றனர் என்பதை அதன் அலமாரி சொல்லும். இவ்வுண்மையை மனத்திற்கொண்டே இச்சிறு கட்டுரையை எழுதத் துணிகிறோம்.

அண்மைக் காலமாக மரக்காணம் வட்டாரத்திலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் புதுவீடு கட்டுவோரிடம் ஓர் ஆசை வளர்ந்து வருவதைக் காண்கிறோம். கூடத்தில் பழங்காலத்துக் கண்ணாடி அலமாரி ஒன்று நிற்க வேண்டும் என்பதே அது. கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே புதுவை நோக்கிச் செல்வோர், பழைய தூண்களும் கதவுகளும் நிலைப்பேழைகளும் விற்பனைக்கு நிற்பதைக் கண்டிருப்பர். பழமையின்பால் எழும் இவ்வாசையை நாம் குறை கூறவில்லை. ஆயினும் எதை வாங்குகிறோம், எங்கிருந்து வாங்குகிறோம், எதற்காக வாங்குகிறோம் என்னும் மூன்று வினாக்களையும் எழுப்பாமல் வாங்குவது தகாது என்பது எம் கருத்து.

சொல்லே சொல்லும் வரலாறு

'அலமாரி' என்பது போர்ச்சுக்கீசியர் வழி நமக்கு வந்த சொல். மேசையும் சாவியும் சன்னலும் அவ்வாறு வந்தவையே. 'பீரோ' பிரெஞ்சு மொழிச் சொல். இவை வருமுன் நம் இல்லங்களில் பொருள்களைக் காத்தவை பெட்டியும் பேழையும் பெட்டகமும் சுவரில் அமைந்த மாடமும் பரணுமே ஆகும். அவையெல்லாம் மறைத்துக் காப்பவை. காத்தலோடு காட்டுதலையும் சேர்த்துச் செய்யும் கண்ணாடிக் கதவு, கடல் கடந்த வாணிகத்தோடும் அயலார் ஆட்சியோடும் நம் வீடுகளுக்குள் புகுந்தது எனலாம்.

கடல் வாணிகம் நம் மண்ணுக்குப் புதிதன்று. சிறுபாணாற்றுப்படையில் பேசப்படும் எயிற்பட்டினம் மரக்காணமே என்று ஆய்வாளர் பலர் கருதுவர். இவ்வூருக்கு வடக்கே கடப்பாக்கத்தை ஒட்டி ஆலம்பரைக் கோட்டை இடிபாடுகளாய் நிற்கிறது. 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த அக்கோட்டையை 1760இல் ஆங்கிலேயர் தகர்த்தனர். தெற்கே 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி. இத்தகைய சூழலில் அயல்நாட்டு வடிவமும் நம் தச்சர் கைத்திறனும் கலந்த மரப்பொருள்கள் இவ்வட்டாரத்தில் கிடைப்பதில் வியப்பில்லை.

உப்புக் காற்று அறிந்து வாங்குக

மரக்காணத்தில் அலமாரி வாங்குவோர் முதலில் கேட்க வேண்டியது கடைக்காரரை அன்று, காற்றை. உப்பளங்களின் நடுவே வாழும் நாம் அறிந்த செய்திதான் இது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைக் கடந்தால் உப்பு ஈரத்தை ஈர்த்துத் தானே நீராய்க் கசியும். காற்றில் மிதந்துவரும் நுண்ணிய உப்பு அலமாரியின் மேல் படிந்து, பகலில் உலர்ந்து, இரவில் கசியும். அக்கசிவு இரும்பாணியைத் தின்னும்; துருவேறிப் பருத்த ஆணி மரத்தைப் பிளக்கும். ஆகவே இரும்பால் பிணித்த அலமாரியைக் காட்டிலும், கழுந்தும் துளையுமாகப் பொருத்தி மர ஆணியால் இறுக்கிய அலமாரியே இக்கரைக்கு ஏற்றது. கீலும் கைப்பிடியும் பித்தளையாயின் நன்று. பித்தளையில் களிம்பு ஏறுமேயன்றி இரும்பைப்போல் இற்றுப்போகாது.

மரத்தைப் பொறுத்தவரை வைரம் பாய்ந்த தேக்கே தலைசிறந்தது. அதன் இயல்பான எண்ணெய்ப் பசை கறையானையும் ஈரத்தையும் நெடுங்காலம் தடுக்கும். ஈட்டி எனப்படும் தோதகத்தியும் உறுதியானதே. ஆனால் கருஞ்சாயம் பூசிய மலிவு மரத்தைத் தோதகத்தி என்று விற்பாரும் உளர். இழுப்பறையைக் கழற்றி அதன் அடிப்புறத்தைப் பார்த்தால் உண்மை நிறம் வெளிப்படும். மரத்தில் குண்டூசி முனையளவு துளைகள் இருந்து, தட்டினால் புதிய மாவு உதிருமாயின், அது உளுத்துக்கொண்டிருக்கும் பொருள். அதனை வீட்டுக்குள் கொண்டுவருவது மற்ற மரங்களுக்கும் பகையைக் கொண்டுவருவதாகும்.

உள்நாட்டின் வறண்ட ஊரிலிருந்து கடற்கரைக்கு வரும் மரம் ஈரத்தை உண்டு பருக்கும். கதவு இறுகும். உடனே தச்சரை அழைத்து இழைக்கச் சொல்லுதல் கூடாது. சில திங்கள் பொறுத்திருந்தால் மரம் புதிய காற்றுக்குப் பழகிவிடும். அவசரப்பட்டு இழைத்தால் கோடையில் அதே கதவு இடைவெளி காட்டி நிற்கும். பழந்தச்சர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். கதவுப் பலகையைச் சட்டத்தின் பள்ளத்தில் ஒட்டாமல் சற்றே தளர்வாக நிறுத்தினர். மரம் மூச்சு விடுவதற்கு அவர்கள் விட்ட இடம் அது.

கால் உயர்ந்த அலமாரியையே தேர்ந்தெடுத்தல் நலம். 2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது பெய்த மழையை இவ்வட்டாரத்தார் மறந்திரார். தரையோடு அமர்ந்த பேழைக்குள் நீர் முதலில் புகும். கால்களுக்கடியில் கருங்கல் துண்டு வைத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்தினால் ஈரமும் கறையானும் எளிதில் அணுகா.

பழமையை அறிதல்

பழையது என்று விற்கப்படுவதெல்லாம் பழையதன்று. கூட்டல் குறி வெட்டுடைய திருகாணி 1930களுக்குப் பின்னரே பரவியது. அத்தகைய ஆணி இருப்பின், பொருள் புதியது அல்லது பின்னர்ப் பழுதுபார்க்கப்பட்டது என்று கொள்ளலாம். உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுச் செய்யும் சீரான கண்ணாடி 1950களில் இங்கிலாந்தில் உருவானது. பழைய கண்ணாடியினூடே நோக்கினால் பெரும்பாலும் எதிரிலுள்ள பொருள் சற்றே அலைவுற்றுத் தோன்றும். பின்பலகையைக் கையால் தடவினால் இழைப்புளி சென்ற தடம் மேடுபள்ளமாகத் தட்டுப்படும்.

எல்லாவற்றினும் மேலான சான்று தேய்மானமே. உண்மையான தேய்மானம் கைபட்ட இடத்தில்தான் இருக்கும். சாவித்துளையைச் சுற்றிக் கருமை படியும். இழுப்பறை ஓடும் அடிக்கட்டை குழியும். எல்லா மூலைகளும் ஒன்றுபோல் தேய்ந்திருந்தால் அது காலத்தின் வேலையன்று, உப்புத்தாளின் வேலை. பழைய அரக்கு மெருகைச் சுரண்டி எறிந்து, பளபளக்கும் புதுப்பூச்சுப் பூசுவதும் பிழையே. நூறாண்டுக் காலம் கைகள் ஏற்றிய மெருகு ஒரு நாளில் போய்விடும்.

சட்டத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம், வரலாற்றுச் சிறப்புடைய பொருள் நூறாண்டு கடந்ததாயின் அதனைத் தொல்பொருளாகக் கொள்கிறது. சிறப்புடைய கையெழுத்துச் சுவடிக்கு 75 ஆண்டே போதும். தொல்பொருள் விற்போருக்கு உரிமம் வேண்டும். அதனைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புதல் கூடாது. அயல்நாட்டில் பணிபுரியும் மக்களுக்கு அனுப்ப எண்ணுவோர் இதனை நினைவிற்கொள்க.

உள்ளே என்ன இருந்தது?

இனி, எம் நெஞ்சை உறுத்தும் செய்திக்கு வருவோம். இவ்வலமாரிகள் எங்கிருந்து வருகின்றன? காரைக்குடியின் முனீசுவரன் கோயில் தெருவுக்குச் சென்றோர் விடையை அறிவர். பர்மாவில் தொழில் நடத்திய குடும்பங்களைப் போர் வேரோடு பெயர்த்தது. மாளிகைகள் வாரிசுகளிடையே பங்காயின. பராமரிக்க இயலாதவை பிரிக்கப்பட்டன. கதவு ஒரு திசை, தூண் ஒரு திசை, அலமாரி ஒரு திசையாகப் போயின. நாம் கூடத்தில் நிறுத்தி மகிழும் ஒவ்வொரு பழம்பேழைக்கும் பின்னால் கலைந்துபோன ஒரு வீடு இருக்கக்கூடும்.

பிறரைச் சொல்வானேன்? எம் வீட்டிலும் இது நிகழ்ந்தது. பாட்டனார் காலத்துக் கண்ணாடி அலமாரி ஒன்று, 'எஃகு பீரோ வந்துவிட்டதே, இது எதற்கு?' என்று பழம்பொருள் வாங்க வந்தவரிடம் ஒரு நண்பகலில் ஒப்படைக்கப்பட்டது. பேரம் பேசியோர் மரத்துக்கு விலை பேசினர். உள்ளிருந்தவற்றைத் தரையில் கொட்டினர். உப்பளக் கணக்கேடுகள், திருமண அழைப்புகள், அரபுத் தமிழில் எழுதிய ஏடு ஒன்று, கப்பலிலிருந்து வந்த கடிதங்கள் ஆகியவை அவை. எடைக்காரர் அவற்றையும் எடுத்துச் சென்றார். அவ்வேட்டில் என்ன எழுதியிருந்தது என்று இன்று எம் பிள்ளைகள் கேட்கின்றனர். விடை கூற எம்மால் இயலவில்லை. அதனைப் படிக்கத் தெரிந்த பாட்டியார் அன்று உயிரோடு இருந்தார். அவரை ஒருவரும் கேட்கவில்லை.

தமிழ் பயில்வோருக்கு இதன் இழப்பு நன்கு புரியும். உ.வே.சாமிநாதையர் வீடு வீடாகச் சென்று ஏடு தேடியிராவிடில், 1887இல் சீவக சிந்தாமணி அச்சேறியிராது. அவர் தேடிய ஏடுகள் பரணிலும் பெட்டியிலும் கிடந்தவையே. அரபுத் தமிழ் ஏடுகளும் நம் கடற்கரைக் குடும்பங்களின் அலமாரிகளில்தாம் கிடந்தன. இன்னும் சில கிடக்கின்றன.

எனவே எம் கருத்து இதுவே. புதிதாய் ஒரு பழைய அலமாரி வாங்குமுன், தத்தம் குடும்பத்தில் மூலையில் கிடக்கும் அலமாரியை முதலில் காண்க. கீல் மாற்றுதலும் கண்ணாடி பொருத்துதலும் நல்ல தச்சருக்கு அரிய வேலையன்று. பிறரிடம் வாங்கியே தீரவேண்டின், அது எவ்வூர், எவ்வீடு, எம்மரம் என்று கேட்டு, விடையை ஒரு தாளில் எழுதி அதன் உள்ளேயே வைத்திடுக. முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் பழைய வீடுகளைப் பெயர்த்து வந்து நிறுவியோர், வீட்டோடு அதன் ஊரையும் வாழ்வையும் சேர்த்தே காட்டுகின்றனர். அந்நெறியை நாமும் வீட்டளவில் பின்பற்றலாம்.

அலமாரியில் எதை வைப்பது என்பதும் கருதத்தக்கது. விலையுயர்ந்த பீங்கானை வைக்க வேண்டாம் என்று கூறவில்லை. அதனோடு ஒரு தட்டினைக் குடும்பத்தின் கடிதங்களுக்கும் ஏடுகளுக்கும் ஒதுக்குவோம். உப்பளத்தில் உழைத்தவரின் கணக்கேடாயினும் அதற்கு அங்கே இடம் உண்டு. நம் வீட்டு முதியோரை அருகிலமர்த்தி, ஒவ்வொன்றும் யாருடையது என்று கேட்டு எழுதிக்கொள்வோம். மரம் இன்னும் நூறாண்டு நிற்கும். சொல்லக்கூடிய முதியோர் அத்தனை காலம் இரார். ஆகவே அலமாரி வாங்கக் கடைக்குச் செல்லும் நாளுக்கு முன்னரே, அவர்களிடம் சென்று அமர்வோமாக.