மாத்த வேண்டியது லேப்டாப்பை இல்ல

போன அக்டோபர்ல எங்க ஹாஸ்டல் ரூம் துக்க வீடு மாதிரி இருந்தது. நாலு பேரில் மூணு பேர் ஸ்கிரீனில் ஒரே அறிவிப்பு. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட் முடியுது, 11-க்கு மாறிக்கோங்க. மத்த ரெண்டு பேரும் அப்டேட் பட்டனைத் தட்டிவிட்டுத் தூங்கப் போயிட்டாங்க. என் லேப்டாப் மட்டும் தனக்கு அந்தத் தகுதி இல்லை என்றது.

என் லேப்டாப் என்று சொல்வதே தப்பு. அது அக்காவோடது. 2017-ல் அவள் காலேஜ் சேர்ந்தபோது அப்பா வாங்கித் தந்தது. உள்ளே ஏழாம் தலைமுறை ஐ5. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் (ஒன்றிரண்டு விதிவிலக்கு உண்டு, என்னுடையது அதில் இல்லை). டிபிஎம் 2.0 இருக்கு, செக்யூர் பூட் இருக்கு, கேட்ட 4 ஜிபி ரேமுக்கு மேலேயே இருக்கு. ப்ராசசர் மட்டும் ஒரு தலைமுறை பழசு. அரை மார்க் கட்-ஆஃபில் சீட் போன கதைதான்.

வீட்டுக்குப் போன் பண்ணும்போது சும்மா பேச்சுவாக்கில் சொன்னேன். "புதுசு எவ்வளவு ஆகும் பாப்பா?" என்று கேட்டார் அப்பா. "ஐம்பது, அறுபதாயிரம் ஆகும்பா" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "இஎம்ஐ போட்டுக்கலாம். வேலைக்குப் போகப்போற, வேணும்ல" என்றார். அம்மாவோட செயின் என் மூணாம் வருஷ ஃபீஸுக்காக ஏற்கெனவே பேங்க்கில் இருக்கு. அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர் என்ன கணக்குப் போட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கட்டுரை.

நான் சொல்ல வருவது இதுதான். நம்மில் பாதிப் பேருக்குப் புது லேப்டாப் தேவையில்லை. ஆனா அதுக்குள்ள ஓடுற பழைய சாஃப்ட்வேரை உடனே தூக்கணும். நாம இதைத் தலைகீழா செய்யறோம். மெஷினைப் புதுசா வாங்கி, அதில் நம்ம அப்பா காலத்து சாஃப்ட்வேரை ஓட்டறோம்.

முதலில் மெஷின். செகண்ட் இயர்லயே இந்த லேப்டாப் உசிரை எடுத்தது. ஆன் பண்ணிட்டு மெஸ்ஸுக்குப் போய் டீ குடிச்சுட்டு வந்தாலும் சுத்திக்கிட்டே இருக்கும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் முதல் கடைக்காரர் தொட்டுக்கூடப் பார்க்கலை, "எக்ஸ்சேஞ்ச்ல போட்டுருங்க மேடம்" என்றார். ரெண்டாவது, மாடிப்படிக்குக் கீழே சின்னக் கடை. அந்த அண்ணன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டினார். சிபியு 12 சதவீதம். டிஸ்க் 100 சதவீதம். "மூளை நல்லா இருக்கும்மா, அலமாரியைத் தேடித்தான் லேட் ஆகுது" என்றார். நாலு செமஸ்டரில் யாரும் இவ்வளவு தெளிவாகக் கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர் சொல்லித்தந்ததில்லை.

விஷயம் அவ்வளவுதான். பழைய ஹார்டு டிஸ்க்கில் ஒரு தட்டு சுத்தணும், ஒரு முள் நகர்ந்து போய் நிக்கணும். ஒவ்வொரு சின்ன ஃபைலுக்கும் சில மில்லிசெகண்டு. விண்டோஸ் பூட் ஆகும்போது அப்படி ஆயிரக்கணக்கான ஃபைல். எஸ்எஸ்டியில் நகர எதுவுமே இல்லை. அதே வேலை மைக்ரோசெகண்டு கணக்கில் முடியும். 500 ஜிபி எஸ்எஸ்டி, 8 ஜிபி ரேம், ரெண்டும் சேர்த்து நான் கொடுத்தது 4,500 ரூபாய். இப்போ ஏஐ டேட்டா சென்டர்கள் எல்லாத்தையும் வாரிக்கிட்டுப் போறதால மெமரி விலை ஏறிடுச்சு, அந்த ரேட்டுக்குக் கிடைக்காது. அப்படியே ரெண்டு மடங்கு ஆனாலும் அறுபதாயிரத்துக்குப் பக்கத்தில் கூட வராது.

இப்போ சாஃப்ட்வேர். இங்கேதான் எனக்கு நிஜமான கோபம்.

போன வருஷம் எங்க லேபில் எல்லா சிஸ்டத்தையும் மாத்தினாங்க. பளபளன்னு புது மானிட்டர், புது ஐ7. ஃபர்ஸ்ட் இயர் பசங்க உள்ளே போய் உட்கார்ந்து முதலில் திறப்பது என்ன தெரியுமா? டாஸ்பாக்ஸ். அதுக்குள்ள டர்போ சி++. அதே நீலத் திரை. 1990-களின் தொடக்கத்தில் வந்த கம்பைலர். சி++ மொழிக்கு முதல் ஐஎஸ்ஓ தரநிலை வந்ததே 1998-ல்தான். அதாவது மொழிக்கு இலக்கணம் எழுதுறதுக்கு முன்னாடி வந்த கம்பைலரில் மொழி படிக்கிறோம். `வாய்டு மெயின்`, `கிளியர் ஸ்கிரீன்`, `கெட்ச்`. எல்லாருக்கும் மனப்பாடம்.

படிச்சா என்ன, அடிப்படை ஒண்ணுதானே என்று நானும் நினைச்சேன். பிளேஸ்மெண்டில் முதல் டெக்னிக்கல் ரவுண்டு வரைக்கும். எதிரில் இருந்தவர் வெள்ளைத் தாளில் ஒரு லூப் எழுதினார். ஒண்ணிலிருந்து 40,000 வரை எண்ணுது, கவுண்டர் ஒரு இண்ட். "எத்தனை தடவை ஓடும்?" நான் ரொம்பப் புத்திசாலித்தனமா, "நிக்கவே நிக்காது சார், இண்ட் ரெண்டு பைட்டு, 32,767 தாண்டினா மைனஸ்ல போயிடும்" என்றேன். அவர் கேலி பண்ணலை, அதுதான் வலிச்சது. "எந்த மெஷின்ல?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

டர்போ 16 பிட் டாஸுக்காக எழுதினது. அங்கே இண்ட் ரெண்டு பைட்டு. இன்னிக்கு நம்ம லேப்டாப்பில் ஜிசிசி போட்டா நாலு பைட்டு, அந்த லூப் சமத்தா 40,000-ல் நின்னுடும். ரெண்டு பதிலும் சரிதான், கேள்வி எந்த கம்பைலர் என்பதுதான். அதை நாலு வருஷத்தில் யாரும் எனக்குச் சொல்லலை, நானும் கேட்கலை. அந்த வேலை கிடைக்கலை. அதுக்கு இது மட்டும்தான் காரணம்னு சொல்ல மாட்டேன், ஆனா அந்த நாளில் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கறது இது மட்டும்தான்.

இதுக்கு ஐ7 தேவையே இல்லை. ஜிசிசி இலவசம், அக்காவோட லேப்டாப்பில் பத்து நிமிஷத்தில் இறங்கும்.

பழைய சாஃப்ட்வேரில் இன்னொரு ஆபத்து, பாதுகாப்பு. 2017 மே மாதம் வான்னாக்ரை வந்தபோது இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளே ஸ்தம்பிச்சுப் போச்சு. அந்த ஓட்டையை அடைக்கிற அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. போடாதவர்கள் மாட்டினார்கள். அவ்வளவு தூரம் வேண்டாம், நம்ம கேட்டுக்கு எதிரே இருக்கற ஜெராக்ஸ் கடையில் விண்டோஸ் 7 ஓடுது. அதுக்கு சப்போர்ட் முடிஞ்சது 2020 ஜனவரி. ரெஸ்யூம் பிரிண்ட் எடுக்கப் பென் டிரைவ் கொடுத்தா, எல்லா ஃபோல்டரும் ஷார்ட்கட்டா மாறித் திரும்பி வரும். அந்தப் பென் டிரைவை அப்படியே கொண்டுவந்து நாம லேப்டாப்பில் சொருகறோம். அதனால "இன்னும் ஓடுதே, விண்டோஸ் 10-லயே இருக்கேன்" என்கிறவர்களோடும் எனக்கு ஒத்துப்போகலை.

சரி, நான் என்ன செஞ்சேன்? விண்டோஸ் 10-க்கு இன்னும் ஒரு வருஷம், 2026 அக்டோபர் 13 வரைக்கும், பாதுகாப்பு அப்டேட் வாங்கிக்க வழி இருக்கு. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட்டுக்குள் போய்ப் பதியணும். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் நம்ம செட்டிங்ஸை பேக்கப் பண்ணச் சம்மதிச்சா காசு கிடையாது. சம்மதிக்கறது ஒரு விலைதான், அதையும் சொல்லிடறேன். பக்கத்திலேயே இன்னொரு பார்ட்டிஷனில் லினக்ஸ் மின்ட் போட்டேன். இப்போ தினசரி அதில்தான்.

உடனே "பார்த்தியா, லினக்ஸ்தான் கெத்து" என்று கிளம்புகிற சீனியர்களுக்கு ஒரு செய்தி. டிசம்பரில் ஒரு கம்பெனி ஆன்லைன் டெஸ்ட் வைத்தது. நம்மைக் கண்காணிக்கிற அவர்களுடைய பிரவுசர் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். விண்டோஸ் பக்கத்தை நான் அழிச்சிருந்தா அன்னிக்கு ரூம்மேட் காலில்தான் விழுந்திருக்கணும். வேலை கையில் வர்ற வரைக்கும் ரெண்டையும் வச்சுக்கோங்க.

புதுசு வாங்கவே கூடாதான்னு கேட்டா, அப்படி இல்லை. மெக்கானிக்கல், சிவில் நண்பர்கள் ஆன்சிஸ், ரெவிட் ஓட்டணும்னா இந்த ரெண்டு கோர் ஐ5 அழுதுடும். மதர்போர்டு போனதுக்கு அப்புறம் அதில் காசைக் கொட்டறதும் வீண். ஆண்ட்ராய்டு எமுலேட்டர் என்னுடையதில் மூச்சு வாங்குது, நான் போனையே கேபிளில் மாட்டி டெஸ்ட் பண்றேன். ஃபைனல் இயர் பிராஜெக்ட்டில் டீப் லேர்னிங் இருக்கா? (யார் பிராஜெக்ட்டில்தான் இல்லை.) மாடல் பயிற்சி எல்லாம் கூகுள் கோலாபில் இலவச ஜிபியுவில்தான் நடக்குது, என் லேப்டாப்புக்கு அதில் வேலை பிரவுசர் டேப் காட்டறது மட்டும். கேமிங்குக்கு வேணும்னா கேமிங்குக்குன்னு சொல்லி வாங்குங்க. பிராஜெக்ட்டுக்குன்னு அப்பாகிட்ட சொல்லாதீங்க.

லேபில் ஜிசிசி போடச் சொல்லி ஒரு சாரிடம் கேட்டுப் பார்த்தேன். "ரெக்கார்டு நோட்டு எல்லாம் டர்போ அவுட்புட்டுக்குத்தான்மா இருக்கு" என்றார். அவரைக் குத்தம் சொல்ல மனசு வரலை, நாலு செக்‌ஷன் ரெக்கார்டைத் திருத்துறவர் அவர். ஆனா அடுத்த பேட்ச் உள்ளே வர்றதுக்குள்ள ஒரே ஒரு பயிற்சியையாவது மாத்துங்கன்னு கேட்டிருக்கேன். ஒரே புரோகிராமை ரெண்டு கம்பைலரிலும் ஓட்டி, ரெண்டு அவுட்புட்டையும் பக்கத்துப் பக்கத்துல ஒட்டட்டும். யோசிக்கறேன் என்றிருக்கிறார்.

போன வாரம் ஒரு ஃபர்ஸ்ட் இயர் பொண்ணு அவ அண்ணனோட பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு எங்க ரூமுக்கு வந்தா. மின்ட் போட்டு, ஜிசிசி போட்டு, இண்ட் எத்தனை பைட்டுன்னு பிரிண்ட் பண்ணச் சொன்னேன். ஸ்கிரீனைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. "அக்கா, நாலுன்னு வருது. லேப்ல ரெண்டுன்னுதானே வந்துச்சு?"

"எந்த மெஷின்ல?" என்றேன்.