வயிற்றுவலி என்று சொல்லும் பிள்ளையை நம்புவோம்

பிள்ளை மாதக்கணக்கில் வயிற்றுவலி என்கிறது. முதலில் பூச்சி மருந்து, பிறகு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய பேதி மாத்திரை. மலத்தில் ரத்தம் தெரிந்தால் 'உடம்புச் சூடு' என்று மோரும் வெந்தயமும். பள்ளிக்கூடம் போகாமலிருக்க நடிக்கிறது என்ற பேச்சும் சேர்ந்துகொள்ளும். க்ரோன்ஸ் நோய், பெருங்குடல் புண் அழற்சி போன்ற குடல் அழற்சி கொண்ட குழந்தைகள் பலர் இந்தச் சுற்றெல்லாம் சுற்றித்தான் உரிய மருத்துவரிடம் வந்து சேர்கிறார்கள். அதற்குள் எடை குறைந்து, வளர்த்தியும் நின்றுபோயிருக்கும்.

நம் எல்லோர் குடலிலும் கோடானுகோடி பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. சளிப்படலமும் ஐஜிஏ என்னும் எதிர்ப்புரதமும் அவற்றைக் குடல் சுவரை அண்டவிடாமல் வைத்திருக்க, நோயெதிர்ப்பு அணுக்களும் அவற்றைப் பொறுத்துக்கொள்கின்றன. இந்தக் குழந்தைகளிடம் அந்தப் பொறுமை குலைகிறது. பாக்டீரியா நீந்தப் பயன்படும் இழையில் ஃபிளாஜெலின் என்றொரு புரதம் உண்டு. க்ரோன்ஸ் நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேரின் ரத்தத்தில் அதற்கு எதிரான எதிர்ப்புரதங்கள் காணப்படுகின்றன. எதிர்ப்புச் சக்தி ஓயாமல் போராட, புண்ணாவது குடல். மிகச் சிறு வயதிலேயே கடுமையாக நோய் வந்த சில குழந்தைகளுக்கு, அழற்சியை அடக்கும் ஐஎல்-10 என்ற புரதத்தின் சமிக்ஞையை ஏற்கும் மரபணுவிலேயே பழுது இருப்பதை 2009இல் கண்டறிந்தார்கள். பெற்றவள் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று அந்தத் தாயைக் குத்திப் பேசும் உறவினர்கள் இனியாவது அதை நிறுத்த வேண்டும்.

நம் நாட்டில் சிக்கல் இன்னொன்றும் உண்டு: குடல் காசநோய். அறிகுறிகளும் கொலோனோஸ்கோபியில் தெரியும் புண்களும் க்ரோன்ஸைப் போலவே இருக்கும். காசநோய்க்காரருக்கு க்ரோன்ஸ் என்று தவறாக நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால் காசநோய் பரவிவிடும். க்ரோன்ஸுக்குக் காசநோய் மருந்தையே கொடுத்துக்கொண்டிருந்தால் குழந்தையின் வளரும் பருவம் வீணாகும். ஆகவே, காசநோய் மருந்து தொடங்கும் மருத்துவர்கள் இரண்டு மூன்று மாதத்தில் புண் ஆறியிருக்கிறதா என்று மறுபடி பார்த்தே தீர வேண்டும். பெற்றோரும் தயங்காமல் கேட்க வேண்டும்.

வழி இல்லாமல் இல்லை. மலத்தில் கால்புரோடெக்டின் என்ற புரதத்தின் அளவைப் பார்த்தாலே குடலில் அழற்சி இருக்கிறதா என்று பெருமளவு தெரிந்துவிடும். க்ரோன்ஸ் உள்ள குழந்தைகளுக்கு ஆறு முதல் எட்டு வாரம் வழக்கமான சாப்பாட்டை நிறுத்தி, முழுச் சத்துள்ள திரவ உணவு மட்டும் கொடுத்தால் பெரும்பாலோருக்கு ஸ்டீராய்டு இல்லாமலே நோய் அடங்குகிறது. இந்த மலப் பரிசோதனையும் அந்தத் திரவ உணவும் எல்லா அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் கட்டணமின்றிக் கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும். எட்டு வாரம் ஒரு பிள்ளை இட்லி, சோறு தொடாமல் இருக்கும்போது, அதன் எதிரில் தட்டை வைக்காமலிருப்பது வீட்டாரின் பங்கு.

ஆசிரியர்களுக்கும் பங்கு உண்டு. கடைசி பெஞ்சில் முகம் வெளிறி, 'மிஸ், பாத்ரூம்' என்று மூன்றாம் முறையாகக் கை தூக்கும் பிள்ளையிடம் காரணம் கேட்காமல் அனுப்புங்கள். கழிப்பறையில் தண்ணீரும் தாழ்ப்பாளும் இருக்கட்டும். மருந்துக்கடைக்காரர்கள் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் தர வேண்டாம்; சிறு வயதில் அடிக்கடி அதை உட்கொள்வதற்கும் பிற்காலக் குடல் அழற்சிக்கும் தொடர்பிருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

நான்கு வாரத்துக்கு மேல் பேதி, மலத்தில் ரத்தம், எடைக் குறைவு — உங்களுக்குத் தெரிந்த எந்தப் பிள்ளைக்காவது இவற்றில் ஒன்று இருந்தாலும், இந்த வாரமே குழந்தைகள் குடல்நோய் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.