பீப்பாயில் ருசி பார்க்கும் வியாபாரிகள்... கொடிகளைப் பிடுங்கும் விவசாயிகள்: போர்தோ ஒயினுக்கு என்ன ஆச்சு?

பிரான்ஸின் தென்மேற்கில் உள்ள போர்தோவுக்கு ஒவ்வொரு ஏப்ரலிலும் உலகம் முழுவதிலும் இருந்து ஒயின் வியாபாரிகள் வருகிறார்கள். தோட்டம் தோட்டமாகப் போய், பீப்பாயில் இருக்கும் புது ஒயினை ருசி பார்க்கிறார்கள். அதே வட்டாரத்தில் சிறு விவசாயிகள் திராட்சைக் கொடிகளை வேரோடு பிடுங்குகிறார்கள். ஏன் இப்படி?

பாட்டிலுக்கு வரும் முன்பே விற்பனை

இந்த முறைக்குப் பெயர் 'ஆன் பிரிமர்'. பணத்தை இப்பவே கட்டணும், பாட்டில் கைக்கு வர சுமார் 2 வருஷம் ஆகும். தோட்டக்காரரிடம் இருந்து தரகர், மொத்த வியாபாரி வழியாக லண்டன், ஹாங்காங் கடைகளுக்கு ஒயின் போகிறது.

ஒரு வியாபாரி ஒரே நாளில் டஜன் கணக்கில் சாம்பிள் பார்ப்பார். விழுங்க மாட்டார், துப்பிவிடுவார். இன்னும் முழுசா பக்குவப்படாத ஒயின், பத்து வருஷம் கழித்து எப்படி இருக்கும் என்று கணிப்பதுதான் அவர் வேலை.

முன்பணம் கட்டுபவருக்கு என்ன லாபம்? பின்னால் விலை ஏறும் என்ற நம்பிக்கைதான். சமீப வருஷங்களில் பல ஒயின்கள், பாட்டிலில் வந்த பிறகும் அதே விலைக்கோ, அதைவிடக் குறைவாகவோ கிடைக்கின்றன. அப்புறம் யார் 2 வருஷம் பணத்தை முடக்குவார்கள்? புகழ்பெற்ற ஷாட்டோ லதூர் 2012-லேயே இந்த முறையில் இருந்து விலகிவிட்டது.

மாறிப்போன சாப்பாட்டு மேசை

விலை ஒரு பக்கம். பெரிய சிக்கல் சாப்பாட்டில் இருக்கிறது.

அதிக நேரம் கொதித்த டீயைக் குடித்தால் நாக்கு வறளும் இல்லையா? அதற்குக் காரணமான டானின், போர்தோ சிவப்பு ஒயினிலும் தூக்கலாக இருக்கும். இறைச்சியின் புரதமும் கொழுப்பும் அந்தத் துவர்ப்பை அடக்கிவிடும். அதனால்தான் வியாபாரிகள் இதற்கு ஜோடியாக வறுத்த ஆட்டிறைச்சியைச் சொல்வார்கள். ஆர்க்கஷோன் சிப்பிக்கு வெள்ளை ஒயின், உப்பான ரோக்ஃபோர் சீஸுக்கு இனிப்பான சோத்தெர்ன்.

இதெல்லாம் குடும்பமாக உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடும் விருந்துக்கான ஜோடிகள். இப்போது பிரான்ஸிலேயே மதிய உணவு நேரம் சுருங்கிவிட்டது, சிவப்பு இறைச்சியும் குறைகிறது. 1960-களில் ஆண்டுக்கு ஒருவருக்கு 100 லிட்டருக்கு மேல் இருந்த ஒயின் நுகர்வு, இன்று பாதிக்கும் கீழ். போர்தோ விளைவிப்பதில் பெரும்பகுதி சிவப்பு ஒயின் என்பதால் அடி இங்கே பலமாக விழுகிறது.

எண்கள் சொல்வது என்ன?

சர்வதேச திராட்சை, ஒயின் அமைப்பின் கணக்குப்படி 2024-ல் உலக ஒயின் நுகர்வு சுமார் 2,142 கோடி லிட்டர். 1961-க்குப் பிறகு இதுதான் மிகக் குறைவு. இந்த நிலையில் 2025 ஆகஸ்ட்டில் ஐரோப்பிய ஒயினுக்கு அமெரிக்கா 15% வரி போட்டது.

2023-ல் தேங்கிய ஒயினை வாங்கித் தொழிற்சாலை ஆல்கஹாலாக மாற்ற 20 கோடி யூரோ ஒதுக்கப்பட்டது. போர்தோவில் சுமார் 9,500 ஹெக்டேர் கொடிகளை அகற்ற, ஹெக்டேருக்கு 6,000 யூரோ உதவித்தொகை அறிவிக்கப்பட்டது. கைவிடப்பட்ட தோட்டங்களில் இருந்து பக்கத்துத் தோட்டங்களுக்கு நோய் பரவும் என்ற பயமும் இதற்கு ஒரு காரணம்.

யாருக்கு பாதிப்பு?

ஏலத்தில் பேசப்படும் பெரிய ஷாட்டோக்கள் மொத்த விளைச்சலில் சிறு பங்குதான். சூப்பர் மார்க்கெட் விலைக்கு ஒயின் தயாரிக்கும் சிறு குடும்பங்களே அதிகம், கொடியைப் பிடுங்குவதும் பெரும்பாலும் அவர்கள்தான். புதுக்கொடி நட்டால் பலன் தர சுமார் 3 வருஷம் ஆகும். ஒருமுறை பிடுங்கினால் அடுத்த வருஷமே திரும்பிவர முடியாது.

அடுத்து என்ன?

வெள்ளை, நுரைக்கும் ஒயின், குளிரவைத்துக் குடிக்கும் லேசான சிவப்பு எனப் பலர் மாறிவருகிறார்கள். இவை மீனுக்கும் காய்கறிக்கும், அவசரச் சாப்பாட்டுக்கும் பொருந்தும். பழைய ஜோடிகளையே சொல்லிக்கொண்டிருந்தால் வியாபாரிகளுக்கும் வாடிக்கையாளர் மிஞ்ச மாட்டார்கள். அடுத்த ஏப்ரலில் ருசி பார்த்து முடிந்த பிறகு தோட்டங்கள் அறிவிக்கும் விலையைக் கவனியுங்க. அது இறங்கினால்தான் முன்பதிவுச் சந்தை மீள வழி உண்டு.

(மது அருந்துதல் உடல்நலத்திற்குக் கேடு)