நண்பர் வீட்டு முகவரியில் கம்பெனி பதிவு பண்ணலாமா? நோட்டீஸ் வந்தால் யார் பொறுப்பு? முழு விவரம்

கம்பெனிக்குப் பேர் வைக்க மாசக்கணக்கில் யோசிப்பவர்கள்கூட, விண்ணப்பத்தில் "பதிவு அலுவலக முகவரி" என்ற கட்டம் வந்ததும் கையில் கிடைத்ததை நிரப்பிவிட்டுப் போய்விடுகிறார்கள். மாமா வீடு, நண்பரின் கடை மாடி, ஆடிட்டர் ஆபீஸ் என்று ஏதோ ஒன்று. சிக்கல் தெரிவது, அந்த முகவரிக்கு முதல் நோட்டீஸ் வரும்போதுதான்.

சட்டம் என்ன கேட்கிறது?

2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 12-வது பிரிவுதான் இதற்கு அடிப்படை. கம்பெனி பதிவான 30 நாட்களுக்குள் பதிவு அலுவலகம் என்று ஓர் இடம் இருந்தாக வேண்டும். அங்கேதான் வியாபாரம் நடக்கணும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால், வரும் கடிதத்தை வாங்கி, வாங்கியதற்கு ஒப்புகை கொடுக்கும் வசதி அங்கே எப்போதும் இருக்க வேண்டும். அதனால் வீட்டு முகவரி தாராளமாகச் செல்லும். வாடகை வீடென்றாலும் பரவாயில்லை. நோட்டரி சான்று பெற்ற வாடகை ஒப்பந்த நகல், ஒரு மாதத்துக்கு மேல் பழசாகாத வாடகை ரசீது, உரிமையாளரின் சம்மதக் கடிதம், இரண்டு மாதத்துக்கு மேல் பழசாகாத கரண்ட் பில் அல்லது அதுபோன்ற ஒரு பில் வேண்டும்.

பலரும் கோட்டை விடும் இடம் பெயர்ப் பலகை. கம்பெனியின் பெயரும் முகவரியும் வாசலுக்கு வெளியே தெரியும்படி இருக்கணும். அது உள்ளூர் மக்கள் புழங்கும் மொழியில் இல்லையென்றால், அந்த மொழியிலும் எழுத வேண்டும். அதாவது, தமிழ்நாட்டில் இங்கிலீஷ் போர்டு மட்டும் போதாது, தமிழும் வேண்டும் என்பது கம்பெனி சட்டத்திலேயே இருக்கிறது. 12-வது பிரிவை மீறினால் ஒரு நாளைக்கு 1,000 ரூபாய் வீதம், அதிகபட்சம் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். இது கம்பெனிக்கு மட்டுமல்ல, தவறுக்குப் பொறுப்பான நிர்வாகிகளுக்கும் தனித்தனியாக உண்டு.

நேரில் வந்து பார்ப்பார்களா?

வரலாம். கம்பெனி உண்மையில் இயங்கவில்லை என்று சந்தேகப்பட நியாயமான காரணம் இருந்தால், பதிவாளர் நேரடி ஆய்வு செய்யலாம். அதை எப்படிச் செய்வது என்பதற்கு 2022 ஆகஸ்டில் தனி விதியே வந்தது. அதே பகுதியைச் சேர்ந்த இரண்டு சாட்சிகள் முன்னிலையில் ஆய்வு நடக்கும். தேவைப்பட்டால் போலீஸ் உதவியும் கேட்கலாம். போட்டோவும் எடுப்பார்கள். கொடுத்த முகவரியில் கம்பெனிக்கான அடையாளமே இல்லையென்றால், பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கும் நடவடிக்கை தொடங்கலாம்.

இதைவிடப் பெரிய ஆபத்து தபாலில் வருவது. சரியான முகவரி எழுதி, தபால் செலவு கட்டிப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டால், அது போய்ச் சேர்ந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். "வீடு பூட்டிக் கிடந்தது, நண்பர் சொல்லவே இல்லை" என்றால், வரவில்லை என்று நிரூபிக்கும் வேலை நம் தலையில்தான். அதற்குள் நம் தரப்பைக் கேட்காமலே உத்தரவு போயிருக்கும். இரவல் முகவரி கொடுத்தவருக்கு நம் மேல் எவ்வளவு பாசம் இருந்தாலும், நமக்கு வந்த கவரைப் பிரித்துப் பார்த்து போன் பண்ணுவாரா என்பதுதான் கேள்வி.

வீட்டு முகவரியில் என்ன பிரச்சனை?

முகவரி ஊருக்கே தெரியும். ஜிஎஸ்டி இணையதளத்தில் ஒரு பதிவு எண்ணைத் தட்டினால் முதன்மை வணிக இடத்தின் முகவரி வந்து நிற்கும். கம்பெனியாக இருந்தால் லெட்டர்பேடிலும் பில்லிலும் முகவரி அச்சடித்தாக வேண்டும். வீட்டிலிருந்தே சேலையும் கேக்கும் விற்கும் பெண்கள் பலர், வாசலில் அறிமுகமில்லாத ஒருவர் வந்து நிற்கும்போதுதான் இதை யோசிக்கிறார்கள். வீட்டு உரிமையாளரிடமும் முதலிலேயே பேசிவிடுவது நல்லது. கரண்ட் கட்டணமும் சொத்து வரியும் வணிகக் கணக்குக்கு மாறிவிடுமோ என்ற பயத்தில்தான் பலர் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடத் தயங்குகிறார்கள். அந்தப் பயம் முழுக்கத் தப்பு என்றும் சொல்ல முடியாது.

ஜிஎஸ்டியில் ஏன் இத்தனை கெடுபிடி?

போலிப் பதிவுகள்தான் காரணம். வேறு யாருடைய ஆவணங்களையோ வைத்து, இல்லாத கடைக்குப் பதிவு வாங்கி, சரக்கே இல்லாமல் பில் மட்டும் போடுவது அந்த மோசடியின் பாணி. கூலித் தொழிலாளி வீட்டுக்குக் கோடிக்கணக்கில் வரி நோட்டீஸ் வந்த செய்திகளை நாமும் போட்டிருக்கிறோம். 2023-லும் 2024-லும் நாடு முழுக்கப் போலிப் பதிவுகளைத் தேடிச் சிறப்பு நடவடிக்கைகள் நடந்தன.

இதில் நேர்மையான சிறு வியாபாரியும் சேர்ந்து மாட்டினார். அந்தப் பேப்பர் எங்கே, இந்தப் பேப்பர் எங்கே என்று அலையவிட்டார்கள். புகார்கள் குவிந்ததால், 2025 ஏப்ரல் 17-ல் மத்திய மறைமுக வரிகள் வாரியம் அதிகாரிகளுக்கு அறிவுறுத்தல் அனுப்பியது. சொந்த இடமென்றால் சொத்து வரி ரசீது, கரண்ட் பில் போன்றவற்றில் ஏதாவது ஒன்று போதும். ஒரிஜினல் ஆவணத்தைக் கேட்கக் கூடாது. "உங்கள் வீடு வேறு ஊரில் இருக்கிறதே", "இந்த இடத்தில் எப்படி இந்த வியாபாரம் செய்வீர்கள்" என்பது போன்ற யூகக் கேள்விகளும் கூடாது. இப்படிக் கேட்டால், பதிலில் இந்த அறிவுறுத்தலின் தேதியைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

மறுபக்கமும் உண்டு. "லோன் வாங்கித் தர்றேன்" என்று யாராவது உங்கள் பான் கார்டு, கரண்ட் பில் நகலைக் கேட்டால் உஷார். ஜிஎஸ்டி தளத்தில் பான் எண்ணை வைத்துத் தேடும் வசதி இருக்கிறது. உங்கள் பெயரில் ஏதாவது பதிவு ஓடுகிறதா என்று இப்போதே பார்த்துவிடலாம்.

பின்னாடி மாற்றிக்கொள்ளலாமா?

மாற்றலாம், ஆனால் எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்து வேலை கூடும். ஒரே ஊருக்குள் என்றால் இயக்குநர் குழுத் தீர்மானம் போதும். ஊர் எல்லை தாண்டினால் பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம் வேண்டும். தமிழ்நாட்டில் சென்னை, கோவை என இரண்டு பதிவாளர் அலுவலகங்கள் இருப்பதால், ஒன்றின் எல்லையிலிருந்து மற்றொன்றுக்குப் போக மண்டல இயக்குநரின் ஒப்புதலும் தேவை. மாநிலமே மாறினால் பேப்பர் விளம்பரம், கடன் கொடுத்தவர்களுக்கு நோட்டீஸ் என்று இழுக்கும். ஓசூரிலிருந்து பெங்களூரு பக்கம்தான், ஆனால் கம்பெனிக்கு அது நீண்ட பயணம்.

மாறிய முகவரியைக் கம்பெனி பதிவாளரிடம் சொல்ல 30 நாள் அவகாசம். ஜிஎஸ்டிக்கு 15 நாள்தான். முதலில் அதை முடித்துவிடுங்கள்.