ஆறாம் வகுப்புக்கு டி.சி. வாங்கும் முன்

அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு சகோதரர் வந்து பக்கத்தில் அமர்ந்தார். மகள் ஐந்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள். "ஹஜ்ரத், இங்கேயே ஆறாவது போடலாமா? இல்ல, வேன் வர்ற இங்கிலீஷ் மீடியத்துல சேர்த்திரலாமா? இங்க பிள்ளைகளே இல்லங்கிறாங்க" என்றார்.

கயத்தாறு போன்ற சிறு பேரூர்களில் ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் நம் வீடுகளில் ஓடுகிற பேச்சு இது. ஒரு பக்கம் கோவில்பட்டி, மறுபக்கம் திருநெல்வேலி. நான்கு வழிச்சாலையில் காலை ஏழரை மணிக்கே மஞ்சள் வேன்கள் நிற்கும். நடந்து போகிற தூரத்தில் இருக்கும் அரசு நடுநிலைப் பள்ளியை யாரும் போய்ப் பார்ப்பதுகூட இல்லை. (நம் பேச்சில் பள்ளி என்றால் பள்ளிவாசல். இந்தக் கட்டுரையில் இனி பள்ளிக்கூடம் என்றே சொல்கிறேன்.)

இந்த முறை கேள்வி கூடுதலாக வருவதற்கு ஒரு காரணம் உண்டு. கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிக்கூடங்களில் 25 விழுக்காடு இடம் கிடைக்கும் என்று நம்பியிருந்த குடும்பங்கள் பல. மத்திய அரசு சமக்ர சிக்‌ஷா நிதியை நிறுத்திவைத்த தகராறில் 2025-26ஆம் ஆண்டுக்கான அந்தச் சேர்க்கை ஜூனில் நடக்கவில்லை. அக்டோபரில்தான் தொடங்கியது. அதற்குள் கடன் வாங்கிக் கட்டணம் கட்டியவர்கள் கட்டிவிட்டார்கள், முடியாதவர்கள் அரசுப் பள்ளிக்கூடத்தின் வாசலுக்கு வந்தார்கள். வந்தவர்களுக்கு, அதை எப்படி எடைபோடுவது என்பது தெரியவில்லை.

புதுச் சுண்ணாம்பு, ஸ்மார்ட் போர்டு, சுவரில் வரைந்த பாரதியார் படம் ஆகியவற்றைப் பார்த்து எடைபோடாதீர்கள். பிள்ளைகளின் எண்ணிக்கை குறைவு என்பதும் அதனளவில் குறையல்ல. முதலில் ஆசிரியர்களை எண்ணுங்கள். சட்டம் தெளிவாகச் சொல்கிறது: ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு, பிள்ளைகள் எத்தனை குறைவாக இருந்தாலும், அறிவியல்-கணிதத்துக்கு ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிக்கு ஒருவர் என்று குறைந்தது மூன்று ஆசிரியர்கள் வேண்டும். ஒன்று முதல் ஐந்து வரை 60 பிள்ளைகளுக்குள் இருந்தால் இரண்டே ஆசிரியர்கள்தான். அதாவது ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்புகள் சேர்ந்து உட்காரும். இதைப் பார்த்துப் பல தாய்மார்கள் மிரள்கிறார்கள். மிரள வேண்டியதில்லை. 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமே, பிள்ளைகளை வகுப்பைப் பார்க்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்கும் நிலை பார்த்துப் பிரித்துச் சொல்லித்தருவதற்காக வந்தது. மக்தபில் நாமும் அப்படித்தானே நடத்துகிறோம்? அலிஃப் பே ஓதும் பிள்ளையும் ஐந்தாவது ஜுஸ்உ ஓதும் பிள்ளையும் ஒரே பாயில்தான்.

ஆனால் மேல் வகுப்புகளில் அந்தச் சமாதானம் செல்லாது. ஏழாம் வகுப்புக்கு அறிவியல் ஆசிரியர் இடம் காலியாக இருந்தால், தமிழ் டீச்சர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்த ஓட்டையை அடைக்க முடியாது. எனவே தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள்: பட்டதாரி ஆசிரியர்கள் எத்தனை பேர், எந்தப் பாடத்துக்கு, யாராவது வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றுப் பணியில் போயிருக்கிறார்களா? மூன்றாவதை மறக்காமல் கேளுங்கள். பதிவேட்டில் இருப்பவர் வகுப்பில் இருக்க வேண்டும் என்பதில்லை.

அடுத்தது வாசிப்பு. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை. அது நல்ல கொள்கை என்றே நினைக்கிறேன். தோற்றுப்போன பிள்ளை அடுத்த ஆண்டு பள்ளிக்கூடத்துக்கு வராது, வேலைக்குத்தான் போகும். ஆனால் அதன் இன்னொரு முகம், வாசிக்கத் தெரியாமலே ஒரு பிள்ளை எட்டாம் வகுப்பு தாண்டிவிட முடியும் என்பது. ரேங்க் அட்டை இதைக் காட்டாது. மக்தப் உஸ்தாத் காட்டுவார். மாலையில் ஊரின் எல்லாப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அவர் முன்னால்தான் வந்து உட்காருகிறார்கள். தீனியாத் புத்தகத்தில் ஒரு பக்கம் தமிழை வாசிக்கச் சொன்னால், எந்தப் பிள்ளை தடவுகிறது, எது சரளமாக வாசிக்கிறது என்று ஒரே வாரத்தில் அவருக்குத் தெரிந்துவிடும். என் அனுபவத்தில், ஆயிரக்கணக்கில் கட்டணம் கட்டும் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, தமிழையும் ஆங்கிலத்தையும் ஒன்றுபோலத் தடவும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அரசுப் பள்ளிக்கூடத்திலும் பார்த்திருக்கிறேன். போர்டைப் பார்த்து இதைச் சொல்லிவிட முடியாது.

இன்னோர் அளவுகோல் என்.எம்.எம்.எஸ். தேர்வு. எட்டாம் வகுப்பில் எழுதுவது. தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். பெற்றோர் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் எழுதலாம். தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடையாது. "போன மூன்று வருடத்தில் எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் தேர்வானார்கள்?" என்று கேட்டால், பத்தே பிள்ளைகள் உள்ள எட்டாம் வகுப்பின் தரமும் வெளியே வந்துவிடும். ஒருவரும் எழுதவில்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான். மத்திய அரசு 2022-23 முதல் சிறுபான்மையினர் கல்வி உதவித்தொகையை ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு நிறுத்திவிட்ட பிறகு, நம் பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம்.

நம்மவர்கள் கணக்குப் போடாமல் விடும் இடம் ஆறாம் வகுப்பு. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் சட்டமானது. அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் ஆகியவற்றுக்கும் வந்தது. அதற்கான தகுதி ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருப்பது. உதவி பெறும் பள்ளிகள் இதில் சேராது. (25 விழுக்காட்டு இடத்தில் படிக்கும் பிள்ளைகளுக்குத் தனி விதி உண்டு.) கல்லூரி செல்லும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும், பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டமும் ஆறாம் வகுப்பிலிருந்துதான் எண்ணுகின்றன. ஐந்து வரை அரசுப் பள்ளிக்கூடத்தில் வைத்திருந்துவிட்டு, ஆறாவதில் வேனில் ஏற்றிவிட்டு, பத்தாவதில் பணமில்லாமல் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பவர்களைப் பார்க்கிறேன். கட்டணமும் கட்டி, ஒதுக்கீட்டையும் இழந்து நிற்கிறார்கள்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்கிறார்கள். காலை உணவு ஐந்தாம் வகுப்பு வரைதான். மதிய உணவு உண்டு. காய்கறியும் முட்டையும்தான் என்பதால் ஹலால் குறித்த கவலை இல்லை. ஜும்ஆவுக்குப் பெரிய பையன்களை அனுப்புவார்களா என்பதைச் சேர்க்கும் முன்பே தலைமை ஆசிரியரிடம் முகம் பார்த்துப் பேசிவிடுவது நல்லது. "நம்மவர் ஒருவர்கூட டீச்சராக இல்லையே" என்கிறார்கள் சிலர். பத்ருப் போரில் பிடிபட்ட மக்கத்துக் கைதிகளில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களிடம், மதீனத்துப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதையே மீட்புத் தொகையாக நபி (ஸல்) அவர்கள் ஏற்ற வரலாறு நமக்குத் தெரியும். பாடம் நன்றாக நடத்துகிறாரா என்று மட்டும் விசாரியுங்கள்.

ஆசிரியர்கள் பக்கமும் ஒரு பதற்றம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, ஓய்வுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உள்ள பணியிலிருக்கும் ஆசிரியர்களும் இரண்டு ஆண்டுகளுக்குள் தகுதித் தேர்வில் வெற்றி பெற வேண்டும். இருபது வருடம் பாடம் நடத்தியவர் மீண்டும் கைடு வாங்கிப் படிக்கிறார். சிறுபான்மைப் பள்ளிக்கூடங்களுக்கு இது பொருந்துமா என்ற கேள்வி பெரிய அமர்வின் முன் இருக்கிறது.

இனி, எனக்கு உறுத்துகிற விஷயம். அரசுப் பள்ளிக்கூடங்களில் ஆகஸ்ட் 1ஆம் தேதி உள்ள பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடங்களை நிர்ணயிக்கிறார்கள். எண்ணிக்கை குறைந்தால் ஒருவர் 'உபரி' ஆகிறார், பணி நிரவலில் வேறு ஊருக்குப் போகிறார். ஜூனில் நம் தெருவிலிருந்து பத்து வீட்டார் டி.சி. வாங்கினால், மிச்சமிருக்கும் பீடி சுற்றும் தாயின் பிள்ளைக்கும் கூலிக்காரர் பிள்ளைக்கும் ஓர் ஆசிரியர் குறைகிறார். அடுத்த ஆண்டு "அங்கே டீச்சரே இல்லை" என்று நாமே சொல்கிறோம். வசதி உள்ளவர் தன் பிள்ளையை எங்கே சேர்ப்பது என்பது அவர் உரிமை. நான் ஃபத்வா எதுவும் சொல்லவில்லை. ஆனால் கடன் வாங்கி வேனில் ஏற்றுகிறவர் இந்தக் கணக்கையும் தெரிந்துகொண்டு ஏற்றட்டும்.

போகாதவர்களுக்குக் கையில் ஒன்று இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்கிறது சட்டம். கூட்டம் வழக்கமாக வெள்ளிக்கிழமை பிற்பகலில் நடக்கிறது. ஜும்ஆ முடித்துச் சாப்பிட்டுவிட்டு நேரே போகலாம். அறிவியல் ஆசிரியர் இடம் காலி என்று தீர்மானம் போட்டு மேலே அனுப்பலாம். 2022இல் காலியிடங்களுக்குத் தற்காலிக ஆசிரியர்களை அரசு இந்தக் குழுக்கள் வழியாகத்தான் நியமித்தது. ஜமாஅத் நிர்வாகிகளில் எத்தனை பேர் அந்தக் கூட்டத்துக்கு ஒரு முறையாவது போயிருக்கிறோம்?

அந்தச் சகோதரர் மனைவியோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கணக்கு டீச்சர் நன்றாக நடத்துகிறாராம், சமூக அறிவியலுக்கு ஆள் இல்லையாம். மகளைச் சேர்த்துவிட்டார். முதல் கூட்டத்தில் அதைக் கேட்கப்போவதாகச் சொன்னார். நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், இன்ஷா அல்லாஹ்.