வளைகாப்புக்கு முன்னால் இரண்டு நாள்

பண்ருட்டி, நெய்வேலி வட்டாரத்தில் ஒரு பெண் முதன்முறை உண்டானதும் அடுத்த ஓராண்டுக்கான கணக்கைப் பெரியவர்கள் மனதுக்குள்ளேயே போட்டுவிடுவார்கள். முதல் மூன்று மாதம் மசக்கை. ஐந்தாம் மாதம் ஸ்கேன். ஏழிலோ ஒன்பதிலோ வளைகாப்பு, அது முடிந்த கையோடு தாய்வீட்டுக்குப் பயணம். தலைப்பிரசவம் அங்கேதான். குழந்தை பிறந்து மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ நல்ல நாள் பார்த்து அழைத்துவருவார்கள். கூட்டிப் பார்த்தால் கணவனும் மனைவியும் ஒரே கூரையின் கீழ் இல்லாத காலம் ஏறக்குறைய அரை ஆண்டு, சில வீடுகளில் அதற்கும் மேல். இந்தக் கணக்கில் அம்மாவுக்கு, மாமியாருக்கு, நாத்தனாருக்கு, டாக்டருக்கு, ஜோசியருக்கு எல்லாம் நாள் உண்டு. பெற்றோர் ஆகப்போகும் இருவருக்கு மட்டும் ஒரு நாளும் கிடையாது. ஐந்தாம் மாத ஸ்கேனுக்கும் ஏழாம் மாத வளைகாப்புக்கும் நடுவில் கிடக்கும் ஆறேழு வாரத்தில் இரண்டு நாளை எடுத்து அவர்கள் கையில் கொடுத்து, பக்கத்தில் ஒரு நகரத்துக்குப் போய்வரச் சொல்ல வேண்டும் என்கிறேன். மாதக் கடைசியில் மிச்சம் இருந்தால் பார்க்கலாம் என்று தள்ளிவைக்கும் ஆடம்பரமாக இதைக் கருத முடியாது. பிரசவத்துக்கான ஆயத்தங்களில் ஒன்றாகவே இதைச் சேர்க்க வேண்டும்.

முதல் குழந்தை பிறந்த பிறகு தம்பதியின் உறவு என்ன ஆகிறது என்பதை அமெரிக்க உளவியலாளர்கள் நெடுநாளாக அளந்து வருகிறார்கள். 2009இல் வெளியான ஓர் ஆய்வு 218 தம்பதிகளை மணவாழ்வின் முதல் எட்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. குழந்தை இல்லாதவர்களிடமும் நிறைவு குறையத்தான் செய்தது. ஆனால் சிறுகச் சிறுக. குழந்தை பெற்றவர்களிடம் அது பிரசவத்தை ஒட்டிச் சட்டென்று இறங்கியது, இறங்கிய இடத்திலேயே பெரும்பாலும் நின்றும்விட்டது. அன்பு குறைந்துபோய்விட்டதாக இதற்குப் பொருள் இல்லை. தூக்கம் போகிறது, பணம் போகிறது, இருவரும் சேர்ந்து உட்காரும் நேரம் முற்றாகப் போகிறது. தமிழ்நாட்டில் இதன்மேல் இன்னொரு சுமையும் ஏறுகிறது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நம் மாநிலத்தில் நூறு பிரசவத்தில் ஏறத்தாழ 45 அறுவைச் சிகிச்சை. தையல் ஆறுவதற்குள் பால் கொடுக்க வேண்டும், எழுந்து நடக்க வேண்டும், பார்க்க வருகிறவர்களுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் கணவன் ஞாயிற்றுக்கிழமை ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்துபோகும் விருந்தாளி. திருச்சிராப்பள்ளித் தாயுமானவர் கதையில் காவிரி வெள்ளத்தால் அம்மா வர முடியாமல் போனபோது சிவனே அம்மாவாக வந்து பிரசவம் பார்த்தார். அந்தக் கதையைக் கேட்டுவிட்டு, ‘சரி, புருஷன் எங்கே போனான்?’ என்று கேட்டவர்களை நான் அறியேன். அவன் அங்கே இருப்பான் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

அமெரிக்கக் கணக்கை இங்கே கொண்டுவந்து ஒட்டலாமா என்று கேட்கலாம். அங்கே இரண்டே பேர் ஒரு குழந்தையோடு மல்லுக்கட்டுகிறார்கள். இங்கே குளிப்பாட்ட ஒரு பாட்டி, சாம்பிராணி போட ஓர் அத்தை, பத்தியச் சமையலுக்கு அம்மா. இது நியாயமான கேள்வி. கூட்டுக் குடும்பம் வேலையைக் குறைக்கிறது, சந்தேகமே இல்லை. ஆனால் அது வேலையைத்தான் குறைக்கிறது. இருவர் மட்டும் பேசித் தீர்க்க வேண்டியவற்றுக்கு அந்த வீட்டில் இடம் இல்லை. மூன்றாம் மாதம் திரும்பி வருவதா, ஐந்தாம் மாதமா? வேலைக்கு மறுபடி போவதா, போனால் குழந்தை யாரிடம்? ராத்திரி அழுதால் எழுந்திருப்பவர் யார்? அடுத்த பிள்ளை எப்போது, அல்லது வேண்டுமா வேண்டாமா? இந்தக் கேள்விகளைக் கூடத்தில் உட்கார்ந்து பேசினால் நாலு பேர் நாலு யோசனை சொல்வார்கள், ராத்திரி அறைக்குள் பேசினால் மெத்தையில் சாய்ந்த இரண்டாம் நிமிடம் ஒருவர் தூங்கிவிடுவார். பொழுது போகாமல் சும்மா உட்கார்ந்திருக்கும்போதுதான் இப்படிப்பட்ட பேச்சு வரும். சும்மா உட்கார ஊரைவிட்டு வெளியே போக வேண்டியிருக்கிறது.

பயணம் ஆபத்து என்பதுதான் பெரியவர்களின் முதல் மறுப்பு. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. வயிற்றுப்பிள்ளைக்காரி ஆறு தாண்டக் கூடாது என்பது நம் பக்கத்து வழக்கு. பண்ருட்டிக்காரர்கள் கடலூர் வழியாகப் போனாலும் கண்டரக்கோட்டை வழியாகப் போனாலும் பெண்ணையாற்றைத் தாண்டாமல் பக்கத்து நகரமான புதுச்சேரியை எட்ட முடியாது. பாலமும் வண்டியும் இல்லாத காலத்தில் அந்த எச்சரிக்கை உயிர் காத்தது. இன்று அதே குடும்பம் ரத்த அழுத்தம் ஏறினால் ஒரு நொடி யோசிக்காமல் புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குக் கார் பிடிக்கிறது. ஆஸ்பத்திரிக்குத் தாண்டலாம், கடற்கரைக்குத் தாண்டக் கூடாது என்றால் தடுப்பது ஆறு இல்லை. அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் அமைப்பு, பயணத்துக்கு ஏற்ற காலம் 14ஆம் வாரத்திலிருந்து 28ஆம் வாரம் வரை என்கிறது. வாந்தி அடங்கியிருக்கும், வயிறு இன்னும் பெரிதாக இடிக்காது, திடீர்ச் சிக்கல்களும் குறைவு. நான் சொல்லும் அந்த ஆறேழு வாரம் இதற்குள் அடங்கிவிடுகிறது. எல்லோருக்கும் இது பொருந்தாது. நஞ்சுக்கொடி கீழே இருப்பதாக ஸ்கேனில் சொன்னவர்கள், ரத்த அழுத்தம் உள்ளவர்கள், இரட்டைக் கரு, முன்பு கரு கலைந்தவர்கள் பார்க்கும் டாக்டரைக் கேட்காமல் அடி எடுத்துவைக்கக் கூடாது. டாக்டர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். மற்றவர்களுக்கு ஆபத்து தூரத்தில் இல்லை, வண்டியில் இருக்கிறது. பயணம் கூடாது என்று சொல்லும் வீடுகளிலேயே மாதாந்திரப் பரிசோதனைக்கு மருமகள் பைக்கின் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து, ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்த விக்கிரவாண்டி–கும்பகோணம் நான்குவழிச் சாலைப் பணியின் பள்ளங்களில் குலுங்கிக் குலுங்கிப் போய்வந்ததையும் பார்த்திருக்கிறோம். காரில் சீட் பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே படியப் போட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கிக் கால் வீசி நடந்து போகும் பயணம் அதைவிட எவ்வளவோ மேல்.

ஏன் நகரம், ஏன் கொடைக்கானல் இல்லை? கொண்டை ஊசி வளைவுகளில் அடங்கிய மசக்கை திரும்பி வந்துவிடும், ராத்திரி வயிறு வலித்தால் மலையிலிருந்து இறங்குவதற்குள் விடிந்துவிடும். சென்னை என்றால் 180 கிலோமீட்டர், போக்கிலேயே அரை நாள் போய்விடும். புதுச்சேரி பண்ருட்டியிலிருந்து 50 கிலோமீட்டரை ஒட்டித்தான் இருக்கிறது. நெய்வேலி என்றால் இன்னும் அரை மணி நேரம் கூடும். சமதரை, கூப்பிடு தூரத்தில் ஆட்டோ, ஜிப்மரும் ராஜீவ் காந்தி அரசு மகளிர் குழந்தைகள் மருத்துவமனையும் ஊருக்குள்ளேயே. இவற்றைவிடப் பெரிய வசதி, அங்கே யாருக்கும் இவர்களைத் தெரியாது. பண்ருட்டி காந்தி ரோட்டில் இருவர் கைகோத்து நடந்தால் வீடு திரும்புவதற்குள் சேதி வீட்டுக்குப் போயிருக்கும். நெய்வேலி டவுன்ஷிப்பின் மரநிழல் சாலைகள் நடப்பதற்கு அருமையானவை, ஆனால் ஒவ்வொரு குவார்ட்டர்ஸ் வாசலிலும் ‘எத்தனாவது மாசம்?’ என்று நின்று பதில் சொல்லிக்கொண்டே நடக்க வேண்டும். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணிக்குப் போலீஸ்காரர்கள் இரும்புத் தடுப்பை இழுத்துப் போட்டு வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். காலைவரை அது நடப்பவர்களின் சாலை. ஆறு மாத வயிற்றோடு ஒரு பெண் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, ஹாரன் சத்தத்துக்குத் திடுக்கிடாமல், காந்தி சிலையிலிருந்து டூப்ளே சிலை வரை மெதுவாக நடந்து, களைத்த இடத்தில் உட்கார்ந்து சுண்டல் தின்னலாம். உடன் வருபவரும் அவள் வேகத்துக்கு நடக்கப் பழகுவார்; நம் ஆண்கள் மனைவியைவிடப் பத்தடி முன்னால் நடந்தே பழகியவர்கள்.

அறை பிடிப்பதில் ஒன்றிரண்டு விஷயம் முக்கியம். வெள்ளை நகரத்துப் பழைய வீடுகள் பார்க்க அழகு, மாடிப்படிகள் செங்குத்து. தரைத்தளத்தில் அறை, வெஸ்டர்ன் டாய்லெட், நடந்துபோகும் தூரத்தில் சாப்பாடு, இந்த மூன்றும் போதும். வழியில் கழிப்பறை எங்கே என்பதையும் முன்னாலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு வரும் கர்ப்பிணிகளுக்குச் சிறுநீர்த் தொற்று வரும் வாய்ப்பு கூடுகிறது. சனி, ஞாயிறு வேண்டாம். சென்னைக்கும் பெங்களூருவுக்கும் அந்த இரண்டு நாளில் புதுச்சேரி கொல்லைப்புறம் ஆகிவிடுகிறது. வாடகை ஏறும், நடைபாதையில் இடிபட வேண்டியிருக்கும். இங்கேதான் நெய்வேலிக்காரர்களுக்கு ஒரு சாதகம். சுரங்கத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் ஞாயிறு கிடையாது, மூன்று ஷிப்டும் ஓடியாக வேண்டும். ஷிப்டில் இருப்பவருக்கு ஓய்வு நாள் செவ்வாயிலோ புதனிலோ விழுந்தால் அதைக் குறையாகவே சொல்லிப் பழக்கம். இந்த ஒரு காரியத்துக்கு அது வரம். பண்ருட்டியின் மண்டிக்காரக் குடும்பங்களுக்கோ சித்திரையிலிருந்து ஆடிவரை பலா சீசன், அசைய முடியாது. அந்த மாதங்களில் அனல் காற்றில் வெளியூர் போவதும் உசிதம் இல்லை. ஐப்பசி, கார்த்திகையை யோசித்துத்தான் தொட வேண்டும்: 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறி, அடுத்த சில நாட்களில் பெண்ணையாறு என்ன ஆட்டம் ஆடியது என்பது இந்த மாவட்டத்துக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

‘இதெல்லாம் வெள்ளைக்காரன் வழக்கம், ஹோட்டல்காரன் கண்டுபிடித்த வியாபாரம்’ என்பது அடுத்த மறுப்பு. பாதி உண்மை. இதற்குப் பேபிமூன் என்று பெயர் சூட்டி, கேக்கும் பலூனும் சேர்த்துத் தொகுப்பாக விற்கிறார்கள். அதை வாங்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. மஞ்சள் சுவர் முன்னால் கவுன் போட்டு நிற்கவைத்து மணிக்கணக்கில் படம் எடுப்பதும் எனக்கு உடன்பாடில்லை. அது வந்த காரியத்தை விட்டுவிட்டு மறுபடி ஊருக்காக நிற்பது. ஆனால் கர்ப்பிணியின் ஆசையை நிறைவேற்றுவது என்பது இறக்குமதிச் சரக்கா? உத்தர காண்டத்தில் கருவுற்ற சீதையிடம் என்ன ஆசை என்று ராமன் கேட்கிறான். கங்கைக் கரை ஆசிரமங்களைப் பார்க்க வேண்டும் என்கிறாள் அவள். ஆசைப்பட்ட பயணம் கிடைத்தது. கூட வந்தது இலக்குவன், கொண்டுபோய் விட்டது காட்டில். ஊர் வாய்க்குப் பயந்த கணவன் அரண்மனையிலேயே இருந்துவிட்டான். நம் வழக்கத்தில் பயணத்துக்கு இடம் இருந்திருக்கிறது, கணவன் கூடப் போவதற்குத்தான் இல்லை. பணம் என்று வந்தால், இன்று மண்டபம், மேடை அலங்காரம், டிரோன் கேமரா, ஏழு வகைச் சாதம், தாம்பூலப் பை என்று வளைகாப்பு ஒரு சின்னக் கல்யாணமாகவே வளர்ந்திருக்கிறது. நான்கு மணி நேரம் நாற்காலியில் உட்காரவைத்து ஊரே சந்தனம் பூசிவிட்டுப் போகும் விழாவுக்குக் கடன் வாங்கத் தயங்காத குடும்பம், ஒரு ராத்திரி அறை வாடகையைச் செலவு என்று சொல்வது கணக்குக்கு ஒத்துவரவில்லை.

மண்டபமும் இல்லாதவர்கள் உண்டு. ஒப்பந்தத் தொழிலாளிக்கும் முந்திரி உடைக்கும் பெண்ணுக்கும் ஒருநாள் போகாவிட்டால் ஒருநாள் கூலி போச்சு. அரசு தரும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் தொகையை இதற்காகத் தொடச் சொல்ல மாட்டேன், அது சத்துணவுக்கானது. அவர்களுக்குக் காலையில் பஸ் ஏறி, கடலூர் சில்வர் பீச்சில் பொழுது சாய உட்கார்ந்துவிட்டு ராத்திரிக்குள் திரும்பும் ஒரு நாள்கூடப் போதும். இந்த இடத்தில் பந்து வேலை கொடுப்பவர்கள் பக்கம் போகிறது. மத்திய அரசு ஆண் ஊழியருக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. பிரசவத்துக்கு முந்தைய 15 நாளிலோ பிந்தைய ஆறு மாதத்துக்குள்ளோ எடுக்கலாம். தனியார் துறையில் அப்படி ஒன்றைக் கட்டாயமாக்கும் சட்டம் நாட்டில் இல்லை. அந்தச் சட்டம் வரட்டும், அதற்காகக் குரல் கொடுப்பதுதான் முதல் வேலை என்று ஒருவர் சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனால் ஐந்தாம் மாதத்தில் இருக்கும் பெண்ணால் நாடாளுமன்றத்துக்காகக் காத்திருக்க முடியாது. கூட வேலை செய்பவர் ஒரு ஷிப்டை மாற்றிக்கொள்வதும், மேஸ்திரி இரண்டு நாள் கண்டும் காணாமல் இருப்பதும் இன்றே நடக்கக்கூடியவை.

எங்கேயும் போகப் பிடிக்கவில்லை, இடுப்பு வலிக்கிறது, என் கட்டிலில் தூங்கவிட்டால் போதும் என்று அவளே சொல்வதும் உண்டு. அப்போது அவளை இழுத்துக்கொண்டு போவது இன்னொரு கொடுமை. அந்த வீட்டில் வெளியூர் போக வேண்டியவர்கள் மற்றவர்கள். பௌர்ணமி பார்த்து மாமனாரும் மாமியாரும் திருவண்ணாமலைக்குக் கிளம்பி, நிதானமாகக் கிரிவலம் முடித்து, இரண்டாம் நாள் ராத்திரி வந்தால் போதும். நடுவில் போன் பண்ணி ‘சாப்பிட்டீங்களா’ என்று கேட்காமல் இருந்தால் இன்னும் நல்லது.