ஏழு டாலரும் கையுறைப் பிடித்தமும்

தச்சநல்லூரில் போன மாதம் தூய்மைப் பணியாளர்களோடு உட்கார்ந்திருந்தபோது இளம் தோழர் ஒருவர் கேட்டார்: “சம்பளத்தை உயர்த்த முடியாதாம். ஆனால் தீபாவளிக்கு ஆளுக்கொரு தொகை தருகிறாராம். வாங்கிக்கொண்டே போராடினால் என்ன?” கையுறைக்கும் சீருடைக்கும் என்று மாதாமாதம் கூலியில் பிடிக்கிற அதே ஒப்பந்ததாரர்தான் அந்தத் தொகையையும் நீட்டுகிறார்.

தோழர்களே, இதற்கு அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஒரு படை பதில் சொல்லியிருக்கிறது. 1863இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கறுப்பின மக்கள் தன்னார்வமாகச் சேர்ந்து உருவான 54ஆவது காலாட்படை அது. பிரெடரிக் டக்ளஸின் இரண்டு மகன்கள் அதில் இருந்தார்கள். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். இவர்களுக்கு 10 டாலர், அதிலும் உடைக்கென்று 3 டாலர் பிடித்தம். கையில் வருவது 7.

படை அந்தச் சம்பளத்தை வாங்க மறுத்தது. மீதியை மாநில நிதியிலிருந்து நாங்கள் தருகிறோம் என்றது மாசசூசெட்ஸ். அதையும் மறுத்தார்கள். ஏன்? குறையை இன்னொருவர் நிரப்பிவிட்டால், உன் விலை ஏழுதான் என்று அரசு எழுதிய கணக்கு அப்படியே நிற்கும். இடையில் 1863 ஜூலை 18 அன்று வாக்னர் கோட்டையைத் தாக்கப் போனார்கள். போன சுமார் 600 பேரில் ஏறத்தாழ 270 பேர் செத்தோ, காயம்பட்டோ, பிடிபட்டோ போனார்கள். ஒரு காசு வாங்காமல் செய்த சண்டை அது.

மறுப்பதன் விலையை நாம் லேசாகப் பேசக்கூடாது. ஊரில் குடும்பங்கள் பட்டினி கிடந்தன. இதே சம்பளப் பிரச்சினையில் ஆயுதத்தைக் கீழே வைத்த தென் கரோலினா 3ஆவது படையின் சார்ஜென்ட் வில்லியம் வாக்கரை 1864 பிப்ரவரியில் சுட்டுக் கொன்றார்கள். சமச் சம்பளச் சட்டம் வந்தது அதே ஆண்டு ஜூனில். மாதச் சம்பளம் வாங்கும் நாம், கூலி மறுக்கச் சொல்லி யாருக்கும் பாடம் எடுக்க முடியாது. முடிவு பணியாளர்களுடையது.

நம் நாட்டுக் கதை வேறா? பம்பாய் ராணுவத்தில் தலைமுறைகளாக இருந்த மகர்களை 1890களில் ‘போர் மரபு’ இல்லை என்று சொல்லி வாசலை மூடினார்கள். முதல் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டதும் 111ஆவது மகர் படையைத் திரட்டினார்கள். போர் முடிந்ததும் கலைத்தார்கள். 1941இல் திரும்பவும் கூப்பிட்டார்கள். உயிர் வேண்டும், உரிமை வேண்டாம். அண்ணலின் தந்தை ராம்ஜி சக்பால் சுபேதாராக இருந்த ராணுவம் இது.

தாமிரபரணிக் கரையில் இருக்கும் நமக்கு இது புரியாதா? 1999 ஜூலை 23இல் மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் போனவர்களில் 17 பேர் போலீஸ் தடியடியில் ஆற்றில் மாண்டார்கள். கேட்டது கூலி உயர்வும், சிறையில் இருந்தவர்களின் விடுதலையும். கூலிப் பிரச்சினை வேறு, சாதிப் பிரச்சினை வேறு என்று வகுப்பில் பிரித்துப் பேசும் பேராசிரியர்கள் (சமூகவியல் படித்த நாங்களும் அப்படித்தான் தேர்வு எழுதினோம்) அந்த ஆற்றங்கரையில் நின்று ஒருமுறை சொல்லிப் பார்க்கட்டும்.

அன்று அந்தத் தோழருக்கு ஓர் அக்காதான் பதில் சொன்னார்: “கையுறைக்குப் புடிச்ச காச மொதல்ல குடுக்கச் சொல்லுங்க தம்பி.” கையுறை இதுவரை ஒரு முறைதான் வந்திருக்கிறது. பிடித்தம் எழுதிய சம்பளச் சீட்டுகளைச் சேகரித்து வருகிறோம். தொழிலாளர் துறைக்கு மனு எழுதக் கை வேண்டும். ஞாயிறு மாலை வாருங்கள்.